அரையா, அஞ்சா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் 12.30 இருக்கும். காலிங் பெல் அடித்தது. அடித்தது என்றால், நிற்காமல் அடித்தது. யாரோ பெல் மேலேயே சாய்ந்துகொண்டு நிற்கிற மாதிரி ஒரே நீள அலறல். 'எவன்டா அது' என்று கதவைத் திறந்தால், நிஜமாகவே ஒருத்தன் பெல் மேல் சாய்ந்துகொண்டுதான் நின்றிருந்தான். என் அக்கா பையன்.

ஹவுஸ் சர்ஜன். அதாவது, எம்.பி.பி.எஸ். பாடம் நாலரை வருஷம் படித்து முடித்துவிட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் கையில் கேஸ் ஷீட்டுமாக ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஓடவேண்டிய ஆசாமி. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பையன் இன்னும் சர்ட்டிபிகேட் வாங்கவில்லை!

"என்னடா, இப்பத்தான் டூட்டி முடிஞ்சுதா?"

"ஆமா மாமா. நேத்துக் காலைல ஏழரைக்குப் போனது."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். 29 மணி நேரம்.

"நடுவுல தூங்கினியா இல்லையா?"

"ஒரு மணி நேரம்... ஸ்டூல்ல."

சாப்பிட உட்கார்ந்தான். சாம்பார் கரண்டியை எடுத்து டம்ளரில் ஊற்றினான். பக்கத்திலிருந்த தண்ணீரைச் சாதத்தில் ஊற்றிப் பிசைந்தான். நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "அத்தை, ரசம் பிரமாதம்" என்றான். என் மனைவி அன்றைக்கு ரசமே வைக்கவில்லை. (இருந்தாலும், தானாக வருகிற பாராட்டை எதற்குத் தடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டாள்.)

அப்படியே கூடத்தில் சாய்ந்தவன், ராத்திரி எட்டு மணிக்குத்தான் எழுந்தான். காபியைக் கையில் கொடுத்ததும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டா? அம்மாகிட்ட சொல்லிடக் கூடாது."

சொன்னான். விடியற்காலை நாலு மணி. குழந்தைகள் வார்டு. எட்டு மாசக் குழந்தை ஒன்றுக்கு மருந்து எழுதவேண்டும். எடையைக் கேட்டு, கணக்குப் போட்டு, எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் நைட் டூட்டி சிஸ்டர் கேஸ் ஷீட்டோடு வந்து நின்றார்.

"டாக்டர், இது குழந்தைக்கா, குழந்தையோட அப்பாவுக்கா?"

இவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கேன். குடுங்க சிஸ்டர்." சிஸ்டர் நகரவில்லை. இவன் வெறுப்போடு பேனாவை எடுத்து இன்னொரு தடவை கணக்குப் போட்டான். அதே விடைதான் வந்தது! "பாத்தீங்களா?" என்று வேறு கேட்டிருக்கிறான். அந்த அம்மா கோபப்படவில்லை. "ஒரே ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிடுங்க டாக்டர்" என்றாராம்.

படித்தான். பாதியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதவேண்டியது அரை மில்லி. எழுதியிருந்தது அஞ்சு. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. பத்து மடங்கு.

"இதுல பயமா இருக்கறது என்ன தெரியுமா மாமா? நான் தூங்கி வழிஞ்சுகிட்டு எழுதலை. நல்லா முழிச்சிருந்தேன். நல்லா இருக்கேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அன்றைக்கு ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. (தொற்று வியாதி போலிருக்கிறது!) எழுந்து உட்கார்ந்து, இது பற்றி யார் யார் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

*

முதல் ஆச்சரியம், பையன் சொன்னது அவன் ஒருத்தனுடைய அனுபவம் இல்லை. தூக்கமில்லாதவர்கள் எல்லாருமே அதைத்தான் சொல்கிறார்கள்.

2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். 48 பேர். எல்லாரும் திடகாத்திரமானவர்கள். இவர்களில் சிலரைத் தினம் எட்டு மணி நேரம் தூங்கவிட்டார்கள். சிலருக்கு ஆறு மணி, சிலருக்கு நாலே மணி. இப்படி 14 நாள். இன்னொரு கோஷ்டிக்குத் தொடர்ந்து மூன்று ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. நடுநடுவே எல்லாருடைய கவனத்தையும் ஞாபகத்தையும் சோதித்தார்கள்.

ஆறு மணி நேரம் தூங்கியவர்களின் மூளை நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே போனது. தினசரித் தூக்கம் ஆறு மணியோ அதற்குக் கீழோ என்றால், ரெண்டு வாரக் கடைசியில், ஒன்றிரண்டு ராத்திரி கண்ணே மூடாதவர்களின் நிலைமைக்கு வந்துவிடுகிறது. அதைவிட விசேஷம், 'தூக்கம் வருதா?' என்று கேட்டால், 'லேசா... பெருசா ஒண்ணுமில்லை' என்றார்கள். ஆள் சரிந்துகொண்டே இருக்கிறான். ஆனால், சரிகிறோம் என்பது அவனுக்கே தெரியவில்லை.

ஆறு மணி நேரம்! அதை நாமெல்லாம் தூக்கம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

யோசித்துப் பாருங்கள். கால் சுளுக்கினால் மூளை 'வலிக்குது' என்று சொல்லும். வயிறு காய்ந்தால் மூளை 'பசிக்குது' என்று சொல்லும். மூளையே களைத்துப்போனால் யார் சொல்வது? புகார் வாங்குகிற குமாஸ்தாவே லீவில் போய்விட்டார். ஆபீஸில் புகாரே இல்லை, எல்லாம் சுபம் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதை வேறு ஒரு ஆசாமியிடம் பார்த்திருப்பீர்கள். மூன்று ரவுண்டு முடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, "மச்சி, நான் ஸ்டெடி" என்பாரே, அவரேதான். 1997-ல் ஆஸ்திரேலியாவில் டாஸன், ரீட் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த ஒப்பீட்டை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ஒரு தடவை ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்தார்கள். இன்னொரு தடவை சாராயம் ஊற்றிக் கொடுத்தார்கள். (இந்த மாதிரி ஆராய்ச்சிக்கெல்லாம் நம்மைக் கூப்பிடமாட்டார்கள்.) ரெண்டு தடவையும் ஒரே சோதனை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறமை, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரம் என்றால் சுமார் 100 மில்லிகிராம்.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வரம்பு 30 மில்லிகிராம். அதாவது, ஒரு பகல் ஒரு ராத்திரி தூங்காதவர், வண்டியையே தொடக்கூடாத அளவைப்போல மூன்று மடங்கு 'ஏற்றிய' நிலையில் இருக்கிறார். டிராபிக் போலீஸ் ஊதச் சொன்னால் ஒன்றும் வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

*

சரி, தூக்கமில்லாவிட்டால் மூளையில் எது முதலில் போகிறது? கணக்கா, ஞாபகமா?

1999-ல் இங்கிலாந்தில் லஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிசனும் ஹார்னும் ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்தார்கள். ஆட்களை 36 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்து, ஒரு வியாபார விளையாட்டு விளையாட வைத்தார்கள். சரக்கை மார்க்கெட்டில் விற்று லாபம் பார்க்கவேண்டும். அதோடு, ஒரு கட்டுரையைப் படித்து யோசித்துப் பதில் சொல்லும் பரீட்சையும் உண்டு. கட்டுரைப் பரீட்சையில் தூங்காதவர்கள் அப்படியொன்றும் மோசமில்லை. விளையாட்டில்தான் கவிழ்ந்தார்கள். நிலவரம் மாற மாற, புதுத் தகவல் வர வர, யோசனையை மாற்றிக்கொள்ள முடியவில்லை. பழைய வழியையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

இப்போது நம் பையன் விஷயத்துக்கு வாருங்கள். பாடம் மறக்கவில்லை. மருந்தின் பெயர் மறக்கவில்லை. ஆனால், சிஸ்டர் வந்து 'இது சரியா?' என்றதும் கோபம் வந்தது. மறுபடி கணக்குப் போட்டபோது, போட்ட தப்பையே திரும்பவும் போட்டான். அறிவு அப்படியே இருக்கிறது. 'ஒருவேளை நாம தப்போ?' என்று கேட்கிற ஒரு சின்னக் குரல் உள்ளே உண்டே, அது மட்டும் தூங்கிப்போய்விட்டது.

டாக்டர் வேலைக்கு அந்தக் குரல்தான் மூலதனம். காய்ச்சல் என்று ஒரு முடிவோடு ஆரம்பித்து, ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வேறு மாதிரி வந்தால், 'ஓகோ, இது வேற' என்று உடனே திரும்பத் தெரியவேண்டும்.

இந்த வினை ஹவுஸ் சர்ஜன் ஆனபிறகு ஆரம்பிப்பதும் இல்லை. முதல் வருஷம் அனாடமி பரீட்சைக்கு முந்தின ராத்திரியே ஆரம்பித்துவிடுகிறது. பிளாஸ்கில் டீ வைத்துக்கொண்டு, விடிய விடிய எலும்புகளின் பெயரை உருப்போடுவது. 1924-லேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெங்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ரெண்டு மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, பிறகு ஒரு தடவை தூங்கவிட்டு, ஒரு தடவை விழித்திருக்கவிட்டுக் கேட்டார்கள். தூங்கி எழுந்தபோதுதான் அதிகம் ஞாபகம் இருந்தது. படித்ததைப் பீரோவில் அடுக்கிவைக்கிற வேலையை மூளை தூக்கத்தில்தான் நிறையச் செய்கிறது. நாமோ விடிய விடியச் சாமானை வாங்கிப் போட்டுவிட்டு, அடுக்குகிறவனை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறோம்.

டீ குடித்தால் சரியாகிவிடாதா? விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற சமாசாரம் சேர்ந்துகொண்டே வரும். 'போதும், படு' என்று சொல்கிற பொருள் அது. டீ, காபியில் இருக்கிற கஃபீன், அடினோசின் போய் உட்காரவேண்டிய நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அடினோசின் எங்கேயும் போகவில்லை, வாசலில் க்யூவில் நிற்கிறது. கஃபீன் எழுந்து போனதும் மொத்தமாக உள்ளே நுழையும். கடன்காரனைப் பார்த்ததும் 'ஐயா வீட்ல இல்லை' என்று சொல்லச் சொல்கிறோமே, அந்த மாதிரி. கடன் அப்படியேதான் இருக்கும்.

*

உயிர் காக்கிற வேலையில் இருப்பவர்களைத் தூங்கவிடாமல் வைக்கவேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றியது?

1889-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அங்கே அறுவை சிகிச்சைக்குத் தலைவராக வந்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். மகா மேதை. இளம் டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கி, எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டும் என்ற பயிற்சி முறையை நிலைநிறுத்தியவர் அவர். 'ரெசிடென்ட்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஹால்ஸ்டெட், கொகெய்னை மரத்துப்போகும் மருந்தாகத் தன் மேலேயே சோதித்துப் பார்த்து, அந்தப் பழக்கத்தில் சிக்கிக் கடைசி வரைக்கும் போதையோடு போராடியவர் என்பது இன்னொரு உண்மைக் கதை.

ரொம்ப காலம் இந்த முறை பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. 1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி ஸையன் என்ற 18 வயசுப் பெண்ணைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை அவள் உயிரோடு இல்லை. அவள் ஏற்கெனவே மனச்சோர்வுக்கு ஒரு மருந்து சாப்பிட்டுவந்தாள். அதோடு ஒத்துப்போகாத ஒரு ஊசியை அன்று ராத்திரி போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர்கள். நீண்ட டூட்டி, கையில் ஏகப்பட்ட நோயாளிகள். பெண்ணின் அப்பா சிட்னி ஸையன் பத்திரிகைக்காரர். சும்மா விடவில்லை. சாவுக்குத் தூக்கமின்மைதான் காரணமா என்று கோர்ட்டில் வருஷக்கணக்கில் விவாதித்தார்கள். ஆனால், 'இப்படியா டாக்டர்களை வேலை வாங்குவது?' என்ற கேள்வி நாட்டுக்கே கேட்டுவிட்டது. 1989-ல் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. வாரத்துக்கு 80 மணி நேரம், ஒரே மூச்சில் 24 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. 2003-ல் அமெரிக்கா முழுக்க 80 மணி வரம்பு வந்தது.

கவனியுங்கள், 80 என்பது குறைத்தபிறகு! வாரத்துக்கு மொத்தமே 168 மணிதான் சார்.

2004-ல் பாஸ்டனில் ஒரு ஆராய்ச்சி. தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி டாக்டர்களைக் கொஞ்ச நாள் பழையபடி 24 மணிக்கு மேல் டூட்டி பார்க்கவைத்தார்கள். கொஞ்ச நாள் 16 மணிக்கு மேல் போகாத டூட்டி. கூடவே ஆள் வைத்துத் தப்புகளை எண்ணினார்கள். பழைய முறையில் அபாயகரமான தப்புகள் 36 சதவிகிதம் அதிகம். நோயைக் கணிப்பதில் நேர்ந்த பெரிய தப்புகள் ஐந்தரை மடங்குக்கும் மேல்.

நம் ஊரில்? 1992-லேயே மத்திய அரசு எழுதிவைத்துவிட்டது. ரெசிடென்ட் டாக்டர்களுக்குச் சாதாரணமாக நாளைக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி. படித்ததும் பையனுக்குக் காட்டினேன். ஜோக் புஸ்தகம் படிக்கிற மாதிரி சிரித்தான். 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு ஒன்று, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்று சிபாரிசு செய்தது.

*

"நாங்கல்லாம் தூங்கினோமா? அப்படித்தான் தொழில் கத்துக்கிட்டோம்" என்று பெரிய டாக்டர்கள் சொல்வார்கள். அதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அமெரிக்காவில் 2011-ல் முதல் வருஷப் பயிற்சி டாக்டர்களுக்கு 16 மணி நேரம் என்று குறைத்துப் பார்த்தார்கள். டூட்டி நேரத்தைத் தளர்த்தியும் தளர்த்தாமலும் நடத்திய பெரிய ஆராய்ச்சிகளில் நோயாளிகளின் சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. 2017-ல் மறுபடி 24 மணிக்கே போய்விட்டார்கள்.

இது எப்படி? ஒரு முக்கியக் காரணம், கை மாறுவது. டூட்டியைச் சின்னதாக்கினால் டாக்டர்கள் அடிக்கடி மாறவேண்டும். ஒருத்தர் போய் ஒருத்தர் வரும்போது, 'ஏழாம் நம்பர் கட்டில்காரருக்கு அந்த மருந்து ஒத்துக்காது' என்கிற விஷயம் நடுவில் விழுந்துவிடும். அதற்கும் வழி இருக்கிறது. டூட்டி மாறும்போது என்னென்ன சொல்லவேண்டும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று ஒரு ஒழுங்கு கொண்டுவந்து ஒன்பது ஆஸ்பத்திரிகளில் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த முடிவு, தப்புகள் 23 சதவிகிதம் குறைந்தன.

'திருப்பிச் சொல்லவேண்டும்.' இதைப் படித்ததும் எனக்கு அந்த சிஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஒன்பது ஆஸ்பத்திரி ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்ததை, விடியற்காலை நாலு மணிக்கு அந்த அம்மா சொந்தமாகக் கண்டுபிடித்திருக்கிறார். 'வாய்விட்டுப் படிச்சிடுங்க டாக்டர்.'

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தூங்காதவன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு பிரயோஜனமில்லை. 'நல்லாத்தான் இருக்கேன்' என்றுதான் பதில் வரும். அவனுக்கு ஒரு கடிகாரம் வேண்டும், பக்கத்தில் தூங்கி எழுந்த இன்னொருத்தர் வேண்டும். அந்த ரெண்டு பேர் சொல்வதையும் கோபப்படாமல் கேட்கவேண்டும்.

நமக்கெதற்கு டாக்டர் கதை என்கிறீர்களா? நைட் ஷிப்ட் முடிந்து பைக்கை உதைக்கிற உங்களுக்கும் இதே மூளைதான். கண் திறந்திருக்கும்போதே மூளை ரெண்டு மூன்று வினாடி தூங்கிப்போகும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி என்றால் 50 மீட்டர். அந்த 50 மீட்டருக்கு வண்டியை யாரும் ஓட்டவில்லை! 24 மணி டூட்டி முடித்து வீட்டுக்குப் போகிற பயிற்சி டாக்டர்கள் விபத்தில் சிக்குகிற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேல் என்று 2005-ல் ஒரு அமெரிக்க ஆராய்ச்சி சொன்னது. ஆகவே, ராத்திரி முழுக்க விழித்தால் காலையில் பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. இல்லையென்றால் ஆபீஸிலேயே 20 நிமிஷம் தலையைச் சாய்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்புங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதிய ராஜினாமாக் கடிதத்தையும் காதல் கடிதத்தையும் காலையில் இன்னொரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

இதையெல்லாம் படித்து முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்தது பைக்கில்.

காலையில் முதல் வேலையாகச் சாவியைப் பிடுங்கி வைத்தேன். "டூட்டி முடிஞ்சா நேரா ரூம்ல படு. இங்கே வர்றதுன்னா தூங்கி எழுந்து வா" என்று கண்டிஷன் போட்டேன். முணுமுணுத்தான். சரி என்றான்.

போன ஞாயிறு வந்தான். பெல் ஒரே ஒரு தடவை, சின்னதாக அடித்தது. முகத்தில் வெளிச்சம். எட்டு மணி நேரம் தூங்கியிருக்கிறான். என் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போன தடவை அவ்வளவு பாராட்டினானே என்று நிஜமாகவே ரசம் வைத்தாள். பையன் ஒரு வாய் சாப்பிட்டான். யோசித்தான். நிதானமாகத் தீர்ப்புச் சொன்னான்.

"அத்தை, உப்பு கம்மி. புளி ஜாஸ்தி."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வைக்காத ரசத்தையே நல்லாருக்குன்னு சொன்ன புள்ளை. நீங்கதான் தூங்கச் சொல்லிக் கெடுத்துட்டீங்க!"